செத்தவள் வாசித்த செய்தி

சருகுமலைத் தோட்டத்து நாகலெட்சுமிக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. செய்தி வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கலியாணமாகி லயத்து வரிசை வீட்டுக்கு வந்தபோது, புருஷன் அழகுமுத்துவிடம் பெறுமதியான சாமான் என்று ஒரு ரேடியோதான் இருந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன் அவள் ரொட்டி தட்டும் நேரமும், அதில் செய்தி வாசிக்கும் நேரமும் ஒன்று. பதினைந்து வருஷம் மாவும் கையுமாகக் கேட்டதில் அந்தக் குரல் அவளுக்குள் இறங்கிவிட்டது. அதில் ஒரு விஷயம் அவளுக்குத் தீராத வேடிக்கை. மந்திரி பாலம் திறந்தாலும் சரி, லயம் பற்றி எரிந்தாலும் சரி, குரல் மட்டும் கொஞ்சமும் அசையாது.

கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் மேலே நடந்தால் சருகுமலை. அங்கே மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பத்து மணிக்குத் தேத்தண்ணி நேரம். ரொட்டி சுற்றிக்கொண்டு வந்த பேப்பர்த் துண்டை நீவி விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, நாகலெட்சுமி ஆரம்பிப்பாள்.

"நேரம் பத்து மணி. சருகுமலை வானொலி. செய்திகள் வாசிப்பவர் ஏழாம் நிரை நாகலெட்சுமி. வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் மோட்டார் சைக்கிள் இன்று காலை மூன்று உதைகளுக்குப் பின்னரே கிளம்பியது. இதனை ஆராய உயர்மட்டக் குழு ஒன்று நியமிக்கப்பட்டுள்ளது. மலையில் மழை பெய்வதாக நனைந்தவர்கள் கூறுகின்றனர். இது வெறும் வதந்தி என ஆபிசுக்குள் இருப்பவர்கள் மறுத்துள்ளனர்."

பக்கத்து நிரையில் பறிக்கும் ராக்காயிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும். "அடியே லெச்சுமி, போதும்டி, தேத்தண்ணி மூக்கால வருது" என்பாள். நாகலெட்சுமியின் கேலிக்கு ஒரு கட்டு இருந்தது. கால் வழுக்கி விழுந்தவளையோ, வீட்டில் அடிவாங்கி வந்தவளையோ அவள் ஒருநாளும் செய்தியில் இழுத்ததில்லை. அப்படி யாராவது கேட்டால், "நொந்தவங்கள வெச்சுச் சிரிக்கக் கூடாதுடி. வெளுத்த சட்ட போட்டவங்க எத்தன பேர் இருக்காங்க, அவங்க பத்தாதா?" என்று சொல்லிவிடுவாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் செப்டம்பர் மாதம். ஒன்பதாம் நம்பர் மலையில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. மேட்டில் நின்ற பெரிய மரத்திலிருந்து குளவிக்கூடு ஒன்று முறிந்து நிரைகளுக்கு நடுவே விழுந்தது. பெண்கள் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பள்ளத்தில் பாய்ந்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணியான வினோதாவால் ஓட முடியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு தேயிலைச் செடியில் சிக்கி முழங்காலில் விழுந்துவிட்டாள். அவளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த ராக்காயி நின்றாள். திரும்பி வந்து, தலையில் போட்டிருந்த தடித்த கொங்காணித் துணியை உருவி வினோதாவை முழுசாக மூடி, அதன்மேல் தானும் கவிழ்ந்துகொண்டாள்.

வினோதாவுக்கு நாலைந்து கொட்டுதான். ராக்காயியின் முதுகிலும் கழுத்திலும் தலையிலும் எத்தனை என்று எண்ண முடியவில்லை. தோட்டத்து லொறி ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றப் போயிருந்தது. அது திரும்பி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. லொறியில் நாகலெட்சுமியின் மடியில்தான் அவள் தலை இருந்தது. பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் கொழும்புப் பேப்பரில் செய்தி வந்தது. ராக்காயியின் புருஷன் மாயாண்டி அதை எடுத்துக்கொண்டு நாகலெட்சுமியின் காம்பராவுக்கு வந்தான்.

"எனக்குக் கண்ணு தெரியல. நீ வாசிச்சுச் சொல்லு, லெச்சுமி."

அவள் வாசித்தாள். "சறுக்குமலைத் தோட்டத்தில் குளவி கொட்டியதில், ஏற்கெனவே இருதய நோயால் பாதிக்கப்பட்டிருந்த பெண் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதாண்ணே."

"பேரு?"

"போடல."

"அவளுக்கு நெஞ்சு நோவுன்னு எவன் சொன்னான்? இருவத்தஞ்சு வருஷம் ஒருநாள் காய்ச்சல்னு படுத்தவ இல்லையே" என்றான் மாயாண்டி. நாகலெட்சுமி மறுபடியும் பேப்பரைப் பார்த்தாள். தோட்டத்தின் பெயரே பிழை. அந்தச் செய்திக்குப் பக்கத்தில், கினிகத்தேனைப் பக்கம் ஒரு பஸ் தரிப்பிடத்துக்கு நாடா வெட்டும் படம் உள்ளங்கை அகலத்துக்குப் போட்டிருந்தது. நாடா வெட்டியவர், கத்திரிக்கோல் நீட்டியவர், பின்னால் கைதட்டியவர் என்று அத்தனை பேருக்கும் இடமிருந்து வலமாகப் பெயர் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை மலையில் பத்து மணிச் செய்தி இல்லை. பெண்கள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் பேசாமல் எழுந்து போனார்கள். பேப்பர்க்காரர்களுக்கு ராக்காயியின் நெஞ்சு நோவை யார் சொல்லியிருப்பார்கள் என்று நாகலெட்சுமி விசாரித்துப் பார்த்தாள். விஷயம் சாதாரணம். அந்தப் பேப்பரின் பிரதேச நிருபர், கீழே பாடசாலையில் சமூகக்கல்வி படிப்பிக்கும் பேரின்பநாயகம் சேர். யாழ்ப்பாணத்து மனுஷன், நல்லவர் என்றுதான் பெயர். அவர் கொட்டகலைக் கடையொன்றிலிருந்து தோட்டத்து ஆபிசுக்கு போன் எடுத்திருக்கிறார். ஆபிசில் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார். லொறி வராத கதையை ஆபிஸ் எப்படிச் சொல்லும்? அதனால் நெஞ்சு நோவைச் சொன்னார்கள்.

அக்டோபரில் பாடசாலையில் வாணி விழா. பெற்றோர் பக்கத்திலிருந்தும் நிகழ்ச்சி தரலாம் என்று அறிவித்தார்கள். நாகலெட்சுமி பத்து நிமிஷம் கேட்டாள். அழகுமுத்து பயந்துபோனான்.

"ஆபிசுக்காரங்க எல்லாரும் முன்வரிசையில ஒக்காந்திருப்பாங்க. வேல போயிரும், புள்ள."

"போச்சுன்னா அதையும் ஒரு செய்தியா வாசிச்சுட்டுப் போறேன்."

ஆனால் மாயாண்டியைக் கேட்காமல் அவள் எதுவும் செய்யவில்லை. அவன் வீட்டு வாசலில் போய் நின்று, "அண்ணே, ராக்காயி சங்கதிய வெச்சு ஒண்ணு செய்யப் போறேன். சனம் சிரிக்கும். ஆனா அவளப் பாத்துச் சிரிக்க மாட்டாங்க. செய்யட்டுமா?" என்றாள்.

அவன் யோசித்துவிட்டுச் சொன்னான். "அவ இருந்தா மொதல் ஆளா வந்து ஒக்காந்து சிரிப்பா. செய்."

விழா அன்று பின்னேரம் மேடையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதில் சதுரமாக வெட்டிய ஓட்டைக்குள் நாகலெட்சுமியின் முகம், பவுடர் பூசி, பூ வைத்து. தொலைக்காட்சி என்று சொல்லாமலே சனத்துக்கு விளங்கிவிட்டது. பிள்ளைகள் அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"வணக்கம். முதலில் முக்கியச் செய்தி. இன்று காலை துரை அவர்களுக்கு ஒரு தும்மல் வந்தது. தும்மலுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை எட்டு மணிக்கு விரிவாகக் காணலாம். அடுத்து, மலையில் நடந்த சம்பவம் பற்றி, சம்பவ இடத்துக்கு ஒருபோதும் செல்லாத நமது நிருபர் தரும் தகவல்."

அவளே கையைக் காதில் போனாக வைத்துக்கொண்டாள். "ஹலோ, சம்பவ இடமா? எத்தன பேரு? ஒராளா? பேரச் சொல்லாதீங்க, பேரு போட்டா எடம் பத்தாது. நாடா வெட்டுன படம் பெருசு. நோவு ஏதும் இருந்துச்சா? இல்லையா? நல்லா யோசிச்சுப் பாருங்க, ஒரு தலவலியாவது இருந்திருக்கும்."

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நாகலெட்சுமியின் குரலில் ஒரு அசைவு இல்லை.

"குளவிகள் தரப்புக் கருத்தையும் நாம் கேட்டோம். தாங்கள் யாரையும் கொட்டவில்லை என்றும், அந்த அம்மாதான் ஓடிவந்து தங்கள் கொடுக்கில் விழுந்தார் என்றும் குளவிகளின் செயலாளர் தெரிவித்தார். இரண்டு தரப்பையும் விசாரித்துவிட்டதால் உண்மையை விசாரிக்கத் தேவையில்லை. அடுத்து, இறந்தவரின் கணவரிடம் ஒரு கேள்வி. ஐயா, இப்ப உங்க மனசு எப்பிடி இருக்கு? இந்தப் பக்கம் திரும்பி அழுங்க, வெளிச்சம் பத்தல."

பேரின்பநாயகம் சேர் முன்வரிசையில், தலைமை ஆசிரியருக்குப் பக்கத்தில் இருந்தார். தும்மலுக்கு வாய்விட்டுச் சிரித்தவர் அவர்தான். 'செல்லாத நிருபர்' வந்தபோது மண்டபத்தில் பாதித் தலைகள் அவர் பக்கம் திரும்பின. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அப்போது நாகலெட்சுமி பெட்டியைத் தள்ளிவிட்டு எழுந்து மேடையின் முன்னுக்கு வந்தாள். வானொலிக் குரல் போய்விட்டது. லயத்தில் பேசுகிற பேச்சில் சொன்னாள்.

"இப்ப, உண்மையா நடந்த செய்தி. அவ பேரு ராக்காயி. மாயாண்டி பெஞ்சாதி. வயசு நாப்பத்தி மூணு. ஆறாம் நம்பர் லயம். நெஞ்சு நோவு இல்ல. ஓடியிருந்தா இன்னிக்கு இங்க இருப்பா. வினோதாவையும் வயித்துப் புள்ளையையும் மூடிக்கிட்டுப் படுத்தா. லொறி வரல. இந்தத் தோட்டத்துப் பேரு சருகுமலை. செய்தி முடிஞ்சிருச்சு."

மண்டபத்தின் பின்பக்கம் வினோதா எழுந்து நின்றாள். அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்கள் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் தகரக் கூரை அதிரும்படி கைதட்டினார்கள்.

மறுநாளே ஆபிசில் கூப்பிட்டு அனுப்பினார்கள். இனித் தோட்டத்து விஷயத்தை மேடையில் பேசினால் நடவடிக்கை எடுப்போம் என்று கடுமையாகச் சொன்னார்கள். "குளவிங்க ஏதும் புகார் குடுத்திருக்காங்களாங்க?" என்று மட்டும் அவள் கேட்டாள். பெரிய கிளார்க் சிரிப்பை அடக்கப் பேரேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாராம்.

சனிக்கிழமை காலை யாரும் எதிர்பாராதபடி பேரின்பநாயகம் சேர் மூச்சு வாங்க மேடேறி வந்தார். ஏழு வருஷம் கீழே படிப்பித்தவர், லயத்துப் பக்கம் வந்தது அதுவே முதல் தடவை.

"தங்கச்சி, நான் போன் எடுத்தனான். அவையள் சொன்னதை எழுதினனான். கொழும்பில இன்னும் கொஞ்சம் வெட்டிப்போட்டினம். ஆனா வெட்ட முதலே அது பிழை. அது என்ர பிழைதான்" என்றார், வாசலில் நின்றபடியே.

"ஒத்துக்கிட்டு மேல ஏறி வந்திருக்கீங்களே சேர், அது போதும். உள்ள வந்து ஒக்காருங்க" என்று அவள் தேத்தண்ணி ஊற்றினாள்.

அன்று முழுக்க அவர் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார். குளவிக்கூடு விழுந்த இடத்துக்கும் நடந்துபோய்ப் பார்த்தார். ராக்காயிக்கு இருந்தது சட்டம் போட்ட ஒரே ஒரு படம். மாயாண்டி அதைக் கையைவிட்டுக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. அதனால் நாகலெட்சுமியை அந்தப் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார் சேர்.

அடுத்த ஞாயிறு பேப்பரில் அரைப்பக்கம் வந்தது. பெயர் சரி, வயது சரி, தோட்டம் சரி. கொங்காணியால் மூடியது, லொறி பிந்தியது எல்லாம் இருந்தது. ஆனால் படத்தில் இடம் போதாது என்று கொழும்பில் யாரோ கீழ்ப்பாதியை வெட்டிவிட்டார்கள். ராக்காயி போய்விட்டாள், நாகலெட்சுமியின் முகம் மட்டும் நின்றது. கீழே தடித்த எழுத்தில், 'பிறர் உயிர் காத்துத் தன்னுயிர் நீத்த ராக்காயி.'

கினிகத்தேனையில் கடையொன்றில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த நாகலெட்சுமியின் அக்கா, பேப்பரில் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாத மனுஷி. கடைக்காரர் படத்துக்குக் கீழே இருந்ததை ஓட்டமாகப் பார்த்துவிட்டு "இவங்க செத்துட்டாங்களாம், அம்மா" என்று சொன்னதுதான் தாமதம், கோடித் துணி ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். கொட்டகலையிலிருந்து இரண்டு மைலும் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தபடியே வந்தாள். லயத்து வாசலில் நாகலெட்சுமி விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா, யாரு செத்துட்டா?" என்று கோடரியோடு நிமிர்ந்தாள்.

அக்கா கத்தின கத்தில் எட்டுக் காம்பராவும் வெளியே வந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் அவள் கோபத்தில் தங்கச்சியின் முதுகில் நாலு வைத்தாள். பிறகு கட்டிப்பிடித்து அழுதாள். கோடித் துணியைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது, நீயே கட்டிக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை, "செத்தவங்களுக்குப் பேர் போட முடியாதே" என்றார். "ஆவிக்குக் கூடுதலாப் பறிக்க முடியும், போட்டுப் பாருங்க" என்றாள் நாகலெட்சுமி.

சேர் அன்று பின்னேரமே ஓடி வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "படத்துக்குப் பின்னால ஆர் ஆரெண்டு தெளிவா எழுதி அனுப்பினனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாகலெட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒண்ணும் இல்ல சேர். ராக்காயிக்கு மறுபடியும் மொகம் இல்லாமப் போச்சே."

இரண்டு பேரும் சேர்ந்து திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அடுத்த கிழமை விளம்பரங்களுக்கு அடியில் ஒரு வரி வந்தது. 'கடந்த இதழில் வெளியான படத்தில் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம்.' எந்தப் படம், என்ன தவறு, யார் என்று ஒன்றும் இல்லை.

ஆனாலும் அந்த அரைப்பக்கம் வீண்போகவில்லை. தொழில் அதிகாரி ஒருவர் அதை வெட்டி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். ஆபிஸ் பதிவில் 'இருதய நோய்' என்றே இருந்தது. வினோதாவும் இன்னும் ஒன்பது பெண்களும் வரிசையாகப் போய் நடந்ததைச் சொன்னார்கள். பதிவு திருத்தப்பட்டது. வேலை நேரத்து மரணம் என்று எழுதி, மாயாண்டிக்குச் சேரவேண்டியதும் சேர்ந்தது. காயக்காரர்களுக்கென்று லொறி ஒன்று மலைப்பக்கம் நிற்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது.

தைப்பொங்கல் விழாவுக்கு நாகலெட்சுமி அந்தக் கோடித் துணியைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள். "செய்திகள் வாசிப்பவர், காலஞ்சென்ற நாகலெட்சுமி." பக்கத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால், அட்டையில் செய்த ஆளுயரக் கத்திரிக்கோலோடு, பத்திரிகை ஆபிஸ் பெரியவராகப் பேரின்பநாயகம் சேர். தன்னைத்தானே கேலிசெய்ய ஒரு வாத்தியார் மேடை ஏறியதைச் சருகுமலை அதுவரை கண்டதில்லை. அவராகவே கேட்டு வாங்கிய வேஷம் அது.

"தோட்டத்தில் குடிதண்ணீர் நல்லது இல்லை" என்று அவள் வாசித்தாள். அவள் கையிலிருந்த தாளின் கடைசியை சேர் எட்டி ஒரு வெட்டு வெட்டினார். அவள் அதே குரலில் திருப்பி வாசித்தாள். "தோட்டத்தில் குடிதண்ணீர் நல்லது."

"லொறி நேரத்துக்கு வந்தது இல்லை." வெட்டு. "லொறி நேரத்துக்கு வந்தது."

"தலைவர் சொன்னதைச் செய்தவர் இல்லை." வெட்டு. "தலைவர் சொன்னதைச் செய்தவர்."

சனத்துக்கு விளையாட்டுப் பிடிபட்டுவிட்டது. அவள் வாயைத் திறக்குமுன்னே "வெட்டுங்க சேர், வெட்டுங்க" என்று கத்தினார்கள். தொழிற்சங்கத் தலைவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் ஆள் கூட்டம் கூடுவதைப் பார்த்து, மே தினத்துக்குத் தங்கள் மேடையில் மற்றச் சங்கத்தைக் கிண்டல் பண்ணித் தரச்சொல்லிக் கேட்டு வந்தார். நாகலெட்சுமி மறுத்துவிட்டாள். "ஒங்கள விட்டுட்டு மத்தவங்கள மட்டும் சொன்னா அதுக்குப் பேரு செய்தி இல்லைங்க, நோட்டீசு."

அதிலிருந்து நாலைந்து வருஷம், பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் அவளைக் கூப்பிட்டார்கள். தூரத்து நல்லதண்ணி ஊர் வரைக்கும் போய் வாசித்திருக்கிறாள். போகிற இடத்தில் முதலில் பெண்களோடு உட்கார்ந்து, இங்கே என்ன நடந்தது, பேப்பரில் என்ன வந்தது என்று இரண்டையும் கேட்டுக்கொள்வாள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அவ்வளவு சிரிப்பு அன்றைக்கு. சேரும் போன் எடுத்து எழுதுவதை விட்டுவிட்டார். மண்சரிவோ தீயோ, நடந்துபோய்ப் பார்த்து, பெயர் கேட்டு எழுதினார். போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்தபின், இரண்டாயிரத்து மூன்றில் ஊருக்கு மாற்றலாகிப் போனார்.

அந்த வருஷம்தான் கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் நாகலெட்சுமியைப் படம்பிடிக்க வந்தார்கள். வந்தது ஞாயிற்றுக்கிழமை. அவள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு இருந்தாள்.

"கூடைய மாட்டிக்கிட்டு மலைக்கு வாங்கம்மா. சிரிச்சுக்கிட்டே கொழுந்து பறிங்க" என்றான் கமராக்காரன்.

"இன்னிக்கு லீவு தம்பி. அந்த மலையில கொழுந்தும் இல்ல, போன கிழமைதான் செடிய ஒட்டக் கவ்வாத்து வெட்டுனாங்க."

"பரவாயில்லம்மா, பறிக்கிற மாதிரி செய்யுங்க."

அவள் கூடையை மாட்டிக்கொண்டு போனாள். குச்சி குச்சியாக நின்ற செடிகளில் காற்றைப் பறித்துக் கூடையில் போட்டபடியே ஐந்து நிமிஷம் செய்தி வாசித்தாள். கமராக்காரன் தோள் குலுங்கச் சிரித்தான்.

இரண்டு கிழமை கழித்து மத்தியானம் ஒளிபரப்பு. விளையாட்டுக் கழகத்து அறையில் தோட்டமே திரண்டுவிட்டது. நாகலெட்சுமி திரையில் வந்தாள். பச்சை மலை வந்தது, பனிமூட்டம் வந்தது, ஒரு புல்லாங்குழல் இழுத்து இழுத்து வாசித்தது. அவள் வாய் அசைகிறது, குரல் இல்லை. வேறொரு பெண்குரல், 'இயற்கையின் மடியில் கவலையறியாப் புன்னகை' என்று உருகியது.

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மாயாண்டி "என்னாடா இது" என்று எழுந்தான். நாகலெட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். பெட்டியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். பக்கத்தில் நின்றுகொண்டு, திரையில் தன் உதடு அசைய அசைய, அன்று மலையில் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"வணக்கம். இன்று ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள். கவ்வாத்து வெட்டிய மலையில் கொழுந்து பறிக்கும்படி கொழும்பிலிருந்து உத்தரவு வந்துள்ளது. கொழுந்து இல்லாததால் காற்றைப் பறிக்கிறோம். காற்று நல்ல தரம். நிறுவைக்குத்தான் வராது."

உதடும் சொல்லும் இம்மியும் பிசகவில்லை. அறைக்குள் எழுந்த சிரிப்பு வெளியே ஜன்னலோரம் நின்றவர்களுக்கும் தொற்றியது. அவள் சிரிக்காமல், திரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அடுத்த செய்திக்குப் போனாள்.